வியாசர்பாடியில் இறங்கிய 2020

2020 ஏப்ரல் 20. அமெரிக்கக் கச்சா எண்ணெய்ச் சந்தையில் ஒரு பீப்பாயின் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய், மைனஸ் 37 டாலர் 63 சென்ட்டில் நின்றது. விமானங்கள் தரையில் நின்றன. ஆலைகள் மூடிக்கிடந்தன. ஒக்லஹோமா மாநிலத்தின் குஷிங் நகரில் இருக்கும் சேமிப்புத் தொட்டிகளில் இடமில்லை. மே மாத எண்ணெயை வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள், கையிலிருந்து காசும் கொடுத்து அதைத் தலைமேலிருந்து இறக்கப் பார்த்தார்கள். அந்தச் சந்தை தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் வடசென்னை வியாசர்பாடியின் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை பங்க்குகளில் பெட்ரோல் விலை ஏறியது. மே 4 அன்று மாநில அரசின் வாட் வரி உயர்வால் பெட்ரோல் லிட்டருக்கு 3 ரூபாய் 25 காசும், டீசல் 2 ரூபாய் 50 காசும் கூடின. மறுநாள் இரவு மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்தியது. உலகச் சந்தையின் விலைச் சரிவு மொத்தமும் அந்த வரிக்குள் போய் அடங்கிவிட்டது. ஜூன் 7 தொடங்கி மூன்று வாரம் தினந்தோறும் விலை ஏறியது. எண்ணெய் சீந்துவாரற்றுக் கிடந்த அதே ஆண்டில் குட்டியானை ஓட்டுபவரும் மீன்பாடி வண்டிக்காரரும் முன்னைவிட அதிகம் கொடுத்து டேங்க்கை நிரப்பினார்கள். இத்தனைக்கும் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை வியாசர்பாடியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், மணலியில் இருக்கிறது. அதன் புகை இந்தப் பக்கம் வருகிறது. விலை இறக்கம் மட்டும் வரவில்லை.

2020-ஐப் பற்றி எழுதுகிறவர்கள் வூகானில் தொடங்கி, மிலன், நியூயார்க் வழியாக டெல்லிக்கு வந்து சேர்கிறார்கள். நான் வியாசர்பாடியிலிருந்து அந்த ஆண்டைப் பார்க்க விரும்புகிறேன். அந்த வருடத்தின் பெரிய உலகச் செய்திகளில் பலவற்றுக்கு இந்த ஏரியாவைச் சுற்றி ஒரு கதவு எண் இருந்தது. இங்கே இருப்பவர்களுக்குத்தான் அது கடைசியாகத் தெரிய வந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு உலகம் எப்போதுமே கப்பலில்தான் வந்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு வீசியபோது எரிந்தது துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள். 1960களில் பர்மாவில் ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் மூட்டை முடிச்சோடு மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் பல குடும்பங்கள் வியாசர்பாடியில் வேரூன்றின. மாலையில் தள்ளுவண்டியில் கிடைக்கும் பர்மிய உணவுகளான அத்தோவும் மொய்ங்காவும் அந்த வரலாற்றின் மிச்சம். ரங்கூனில் நடந்த ஒரு ஆட்சிக் கவிழ்ப்பால் வியாசர்பாடியில் தெருக்கள் பிறந்தன.

2020-ம் அப்படித்தான் வந்தது, ஆனால் கொடுத்ததைவிட எடுத்துக்கொண்டது அதிகம்.

பிப்ரவரி 14 இரவு பழைய வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கூடியிருந்தவர்கள்மீது போலீஸ் தடியடி நடத்தியது. அதன்பின் அந்தத் தெரு கலையவே இல்லை. பெண்கள் கைக்குழந்தைகளோடு இரவும் பகலும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்லி ஷாகீன் பாக் போராட்டத்தின் சென்னைப் பெயர் அன்றைக்கு வண்ணாரப்பேட்டை. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. அதற்கு அடுத்த வாரம் பந்தல் காலியானது. தடியடியால் முடியாததைத் தொற்று முடித்தது.

மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. நள்ளிரவில் நாடு முழுக்க ஊரடங்கு. ஆறடி தள்ளி நில், இருபது விநாடி கை கழுவு என்று உலகம் சொன்னது. பத்தடி அகலமுள்ள ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் ஆறடி எங்கே? தெருமுனை அடிபம்பிலும் மெட்ரோ வாட்டர் லாரியிலும் குடம் வைத்து வரிசையில் நிற்கும் தெருவில் இருபது விநாடித் தண்ணீர் எத்தனை குடம்? ஹவுசிங் போர்டின் ஒரே மாடிப்படியில் எத்தனையோ குடும்பங்கள் ஏறி இறங்குகின்றன. அந்த வீடுகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கப்பட்டது. ஐம்பதாவது வயதில் அந்த வாரியத்தின் கட்டடங்களைத் தொற்று வந்து தணிக்கை செய்தது என்றே சொல்வேன்.

மே மாதம் சென்னையின் 15 மண்டலங்களில் தொற்று ஆயிரம் பேரைத் தாண்டிய முதல் மண்டலம் ராயபுரம். வியாசர்பாடி அடங்கிய தண்டையார்பேட்டையும் பக்கத்துத் திரு.வி.க. நகரும் அந்த வரிசையில் முன்னால் நின்றன. தெரு முனையில் தகரம் அடித்தார்கள். 'அந்தத் தெருவா?' என்று கேட்டுவிட்டு வீட்டு வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். தொலைக்காட்சிகள் காசிமேட்டு மீன் சந்தைக் கூட்டத்தைக் காட்டி 'கட்டுப்பாடில்லாத வடசென்னை' என்று பேசின. தினக்கூலி வாங்கித்தான் அன்றைய அரிசி வாங்க வேண்டும் என்ற கணக்கு அந்த விவாதங்களில் வரவே இல்லை. நோய் பரவியதற்குக் காரணம் ஒழுக்கக்குறைவு என்று சொன்னவர்கள் யாரும் ஒரு முறைகூட அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியிருக்க மாட்டார்கள்.

தண்டல் நிற்கவில்லை. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதம் கடன் தவணை கட்ட வேண்டாம் என்றது, பிறகு அதை ஆகஸ்ட் வரை நீட்டியது. அது வங்கிக்கணக்கில் கடன் வாங்கியவர்களுக்கான சலுகை. காலையில் சைக்கிளில் வந்து சிட்டையில் குறித்துவிட்டுப் போகும் தண்டல்காரருக்கு ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை எட்டாது. ரேஷன் கடை ஆயிரம் ரூபாயும், அம்மா உணவகத்தின் இலவசச் சாப்பாடும், தெருப் பிள்ளைகள் காசு சேர்த்துப் போட்ட சோற்றுப் பொட்டலங்களும்தான் அந்த மாதங்களைத் தள்ளிக்கொண்டு போயின. ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக ஆகஸ்ட் கடைசியில் புள்ளிவிவரம் வந்தது. மூட்டை தூக்குகிறவர் வீட்டில் அது நூறு சதவீதம்.

புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் ஏழைகளுக்காகக் கட்டி முடித்த புதிய அடுக்குமாடிக் குடியிருப்பைக் கொரோனா மையமாக்கினார்கள். வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள், அங்கே முதலில் நோயாளிகளாக நுழைந்திருக்கவும் கூடும். 2021-ல் அதே கட்டடத்தின் பூச்சு கைபட்டாலே உதிர்கிறது என்று மாநிலமே பார்த்தது.

இந்தப் பக்கத்தில் சாவு என்பது தெருவின் காரியம். மேளம், பட்டாசு, பூப்பல்லக்கு, இரவெல்லாம் கானா. செத்தவர் எந்த டீக்கடையில் உட்கார்ந்தார், யாரோடு சண்டை போட்டார், யாருக்குக் கடன் கொடுத்தார் என்று எல்லாவற்றையும் பாட்டில் வைத்துச் சொல்லி, அழவைத்து, நடுவில் சிரிக்கவும் வைத்து அனுப்புவார்கள். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு மறுபடியும் கானா. பத்திரிகையில் இரங்கல் குறிப்பு வராத மனிதர்களுக்கு அந்தப் பாட்டுதான் வாழ்க்கை வரலாறு. 2020-ல் துக்கத்துக்கு இருபது பேருக்குமேல் கூடாது என்றது சட்டம். கொரோனாவில் போனவர்களுக்கு அந்த இருபதும் இல்லை. கட்டிப் பொதிந்து கொடுத்த உடலை நான்கு பேர் கவச உடையில் கொண்டுபோனார்கள். முகம் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 19 அன்று நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவில் இறந்தார். அவருடைய உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் ஒருவர் தன் கையாலேயே மண்ணை அள்ளிப் போட வேண்டியிருந்தது. நாடே அதைப் பார்த்து வெட்கப்பட்டது. மருத்துவருக்கே அந்த நிலை என்றால், மூலக்கொத்தளத்துக்கு வந்து சேர்ந்த பெயர் தெரியாதவர்களின் கடைசிப் பயணத்தை யார் எழுதுவார்? 1939-ல் மொழிப்போரில் உயிர் விட்ட நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் சுடுகாடு அது. வடசென்னையின் முக்கால்வாசி வரலாறு அந்த மண்ணுக்குள் இருக்கிறது.

ஜூலை 22 அன்று இன்னொன்று தெரிந்தது. சென்னையில் ஏற்கெனவே இறந்துபோன 444 பேர் கொரோனா மரணக் கணக்கில் சேர்க்கப்படாமல் விடுபட்டிருந்தார்கள் என்று அரசே அறிவித்தது. பதிவேடுகளை ஒப்பிட்டு ஒரு குழு கண்டுபிடித்த எண்ணிக்கை அது. ஒரே நாளில் 444 பேர் கணக்கில் ஏறினார்கள். நியூயார்க்கில் இன்று எத்தனை பேர், லண்டனில் எத்தனை பேர் என்று செல்போனில் மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருந்த நகரத்துக்குத் தன் சொந்தச் சாவுக் கணக்கு வாரக்கணக்கில் தாமதமாக வந்தது. குழு அமைத்து உண்மையைச் சொன்னது நல்ல காரியம், அதைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த இடைப்பட்ட வாரங்களில் 'நம்ம பக்கம் அவ்வளவு இல்ல' என்று நம்பி வெளியே போனவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 15 அன்று கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிர் துறந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தின் ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். பதினான்கு நாள் கழித்து மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் போனது. தேசப் பாதுகாப்புக்கு எடுத்த முடிவு, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் மேடையும் இல்லாமல் துக்க வீட்டுக் கச்சேரியும் இல்லாமல் இருந்த கானாப் பையன்கள் பலர் அந்த ஒரு ஜன்னலில்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லையில் நடந்த சண்டையில் அவர்களுடைய ரசிகர்கள் ஒரே இரவில் காணாமல் போனார்கள்.

அதே கோடையில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரரின் முழங்கால் இருந்தது, மே 25. சாத்தான்குளத்தில் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்ற குற்றச்சாட்டில் ஜூன் 19 அன்று பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் அடிபட்டு, 22-லும் 23-லும் இறந்தார்கள். இந்த இரண்டையும் வியாசர்பாடி இளைஞர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முகவரியைச் சொன்னதுமே சந்தேகமாகப் பார்க்கப்படுகிறவர்கள் அவர்கள். சினிமா அவர்கள் கையில் கொடுத்த அரிவாளை நிஜத்தில் அவர்கள் தொட்டதில்லை. அம்பேத்கர் கல்லூரியில் படித்துவிட்டு வேலைக்கு மனுப்போடும்போது ஊர்ப்பெயரை 'பெரம்பூர்' என்று எழுதிக்கொள்ளும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

நவம்பரைச் சொல்லியாக வேண்டும். மார்ச் 22 முதல் நின்ற புறநகர் ரயில் நவம்பர் 23 அன்று பெண்களுக்குத் திறந்தது, அதுவும் நெரிசல் இல்லாத நேரங்களில் மட்டும். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ஏறி வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ரயில் இல்லாத மாதங்களில் ஷேர் ஆட்டோவுக்கே சம்பளத்தில் பாதியைக் கொடுத்தவர்கள். ரயிலில் ஏற அனுமதிக்கப்பட்ட 'அத்தியாவசியப் பணியாளர்' பட்டியலில் அவர்கள் இல்லை. வீட்டு வேலை எந்த வீட்டுக்கு அத்தியாவசியமில்லை? இரண்டே நாளில் நிவர் புயல் வந்து ரயிலை மறுபடியும் நிறுத்தியது. 25-ம் தேதி இரவு பத்து மணிவாக்கில் டியேகோ மரடோனா இறந்த செய்தி வந்தது. வெளியே காற்று, கணேசபுரம் சுரங்கப்பாதை வழக்கம்போலத் தண்ணீருக்குப் பயந்த ரோடு. நள்ளிரவைத் தாண்டி நிவர் மரக்காணம் அருகே கரையைக் கடந்தது. குட்டி பிரேசில் என்று பெயரெடுத்த பேட்டை இது. இங்கே கால்பந்து ஆடும் பிள்ளைகளில் பலர் வெறுங்காலில் தொடங்கியவர்கள். புவெனஸ் ஐரஸ் ஓரத்தில் வில்லா ஃபியோரிட்டோ என்ற குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர்தான் மரடோனா. கமலா ஹாரிஸின் தேர்தல் வெற்றிக்காக அவருடைய பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்ததை எல்லா ஊடகமும் காட்டியது, மகிழ்ச்சிதான். இங்குள்ள முல்லை நகர்ப் பிள்ளைகளுக்கு அந்த மாதத்தின் சொந்தச் செய்தி மரடோனாவின் சாவு.

ஆகஸ்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன், காரணம் இருக்கிறது.

ஆகஸ்ட் 4 மாலை லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் 12-ம் எண் கிடங்கு வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், சுமார் மூன்று லட்சம் பேர் வீடிழந்தார்கள். கிடங்கில் இருந்தது 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். ரோசஸ் என்ற கப்பலில் 2013-ல் வந்து, கப்பல் கைவிடப்பட்டு, சரக்கு இறக்கிவைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் கிடந்தது. சுங்க அதிகாரிகள் நீதிமன்றத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். யாரும் எடுக்கவில்லை.

அம்மோனியம் நைட்ரேட் வயலுக்கு உரம், குவாரிக்கு வெடி. சும்மா இருக்கும்போது சாதுவான வெள்ளைக் குருணை. தீப்பிடித்து, வெப்பம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டால் மொத்தமும் வாயுவாகி ஒரே நொடியில் விரியும். அதனால்தான் எவ்வளவு, எங்கே, எதன் பக்கத்தில் வைத்திருக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது.

பெய்ரூட் வெடித்த இரண்டு நாளில் சென்னைக்கு ஒரு செய்தி வந்தது. மணலியில் ஒரு கண்டெய்னர் நிலையத்தில் 37 கண்டெய்னர்களில் அதே அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது. 2015-ல் கரூர் நிறுவனம் ஒன்று முறையான அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்ததாகச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. மொத்தம் 740 டன். 2015 வெள்ளத்தில் 43 டன் கெட்டுப்போக, மிச்சம் 697 டன். வழக்கு, ஏலம், கோப்பு என்று ஐந்து ஆண்டுகள். பாதுகாப்பாகவே இருக்கிறது என்று சுங்கத்துறை சொன்னது. ஆகஸ்ட் 9 அன்று முதல் பத்து கண்டெய்னர்கள் ஹைதராபாத்துக்குக் கிளம்பின. அடுத்தடுத்த நாட்களில் மற்றவையும் போயின.

ஐந்து ஆண்டுகள் நகராத சரக்கு ஐந்து நாளில் நகர்ந்தது. அதற்கு பெய்ரூட்டில் இருநூறு பேர் சாக வேண்டியிருந்தது. அந்த ஐந்து ஆண்டில் மணலியிலோ சின்னசேக்காட்டிலோ திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ இருந்த எவருக்கும் அதைச் சொல்லவில்லை. தங்கள் பக்கத்து வேலிக்குள் என்ன இருக்கிறது என்பதை லெபனான் செய்தியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அந்த ஆண்டில் இது முதல் எச்சரிக்கையும் இல்லை. மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஊரடங்குக்குப் பின் இயங்கத் தயாரான பாலிமர் ஆலையிலிருந்து ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். அதே நாளில் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. ஜூலை 1 அன்று மறுபடியும் வெடித்து பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் உயிரைக் கொண்டுபோனது. உரம், பெட்ரோ கெமிக்கல், எண்ணெய், அனல்மின் நிலையம் எல்லாவற்றையும் ஒரே கரையில் அடுக்கி வைத்திருக்கும் வடசென்னைக்கு இவை அயலூர்ச் செய்திகள் ஆகா.

அதற்குப் பிறகாவது மாறியதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் முழுக்கப் படர்ந்தது. மீனவர்கள் அதை வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி எழுந்த மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும், காற்று எந்தத் திசை, முகத்தை எதனால் மூட வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு முன்பே சொல்லித்தரவில்லை.

சொல்லித்தர வேண்டும் என்பது சட்டம். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989-ல் அபாயகரமான இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள் வந்தன. பெரும் விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு, அந்த அபாயம் எப்படிப்பட்டது, அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதை ஆலை நடத்துபவர் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் ஆலைக்கு வெளியே வாழ்பவர்களுக்கான அவசரகாலத் திட்டத்தை வைத்திருக்க வேண்டும், ஒத்திகை நடக்க வேண்டும்.

அந்தத் திட்டத்தைத் தமிழில், எளிதாக, ஒரே தாளில் அச்சிட்டு வார்டு அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஹவுசிங் போர்டு மாடிப்படி அடியிலும் ஒட்டச் சொல்கிறேன். எந்த ஆலையில் என்ன பொருள், எத்தனை டன், கசிந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும். துறைமுகத்திலும் கண்டெய்னர் நிலையங்களிலும் பறிமுதலாகிக் கிடக்கும் ஆபத்தான சரக்கின் பட்டியலையும் அதோடு சேர்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். சட்டமன்றத்திலும் மாநகராட்சி மன்றத்திலும் வடசென்னைக்காக உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்கலாம்.